நண்டுக்கும் ரத்த வகைக்கும் என்ன சம்பந்தம்?

ஓ வகை ரத்தமா, கறியும் மீனும் நிறையச் சாப்பிடுங்கள், கோதுமையையும் பாலையும் விடுங்கள். ஏ வகையா, சைவத்துக்கு மாறுங்கள். பி வகையா, பால் தயிர் ஒத்துக்கொள்ளும், கோழி ஆகாது. ஏபி என்றால் ஏ-வுக்கும் பி-க்கும் சொன்னதைக் கலந்து சாப்பிடுங்கள். இந்தப் பட்டியல் தமிழில் பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. யூடியூபில் வருகிறது, குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் வருகிறது, கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பேச்சாக வருகிறது. தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, வாலிநோக்கம் என்று மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காத ஊர்கள் வரிசையாக இருக்கும் ராமநாதபுரம் கடற்கரையிலும் இது வந்து இறங்கிவிட்டது.

தங்கச்சிமடத்தில் மீன் விற்கும் இடத்தில் காதில் விழுந்த பேச்சு இது. விற்கிறவர் நண்டைக் கூறு கட்டி வைத்திருந்தார்.

"மதினி, நீலக்கால் நண்டு, இப்பத்தான் வலையில இருந்து கழட்டுனது. பாக்காமப் போறீக?"

"எனக்கு ஏ குரூப்பு மதினி. நண்டு, எறாலு எதுவும் ஆகாதாம்."

"யாரு சொன்னது, டாக்டரா?"

"இல்ல, கொழுந்தன் போன்ல அனுப்பிச்சாரு. எனக்கு மீனே வேண்டாம்னுதான் போட்ருக்கு. பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு கூறு சூடை குடுங்க."

பிள்ளைகளுக்குச் சூடை, அம்மாவுக்கு வெறும் ரசம். இந்த ஒரு கூறு நண்டுக்குள்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு நண்டு ஒத்துக்கொள்ளாமல் போனதே இல்லை. சாப்பிட்டுத் தடிப்பு வந்ததில்லை, வயிறு கெட்டதில்லை. ரத்தம் சோதித்த சீட்டில் இருந்த ஒரு எழுத்துக்காக, சிறு வயதிலிருந்து சாப்பிட்டதை நிறுத்தியிருக்கிறார். அந்த எழுத்துக்கு அவ்வளவு அதிகாரம் உண்டா என்று பார்த்துவிட வேண்டும்.

பட்டியலின் ஊர் அமெரிக்கா. பீட்டர் டி அடாமோ என்ற இயற்கை மருத்துவர் 1996-ல் வெளியிட்ட புத்தகம்தான் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அவருக்கு முன்பே அவருடைய தந்தை ஜேம்ஸ் டி அடாமோ, தன்னிடம் வருகிறவர்களைக் கவனித்து, ரத்த வகைக்கும் உணவுக்கும் தொடர்பு இருப்பதாக எழுதியிருந்தார். மகன் அதற்கு ஒரு வரலாற்றைச் சேர்த்தார். மனிதர்களில் முதலில் இருந்தது ஓ வகை, அவர்கள் வேட்டையாடிகள், அதனால் அவர்களுக்கு இறைச்சி. அப்புறம் விவசாயம் வந்தபோது ஏ வகை வந்தது, அதனால் அவர்களுக்குத் தானியமும் காய்கறியும். இமயமலைப் பக்கம் ஆடுமாடு மேய்த்துத் திரிந்தவர்களிடம் பி வகை வந்தது, அதனால் பால். கடைசியாக, ஏ-யும் பி-யும் கலந்ததில் ஏபி. கேட்க அழகான கதை. கூடவே ஒரு வேதியியல் விளக்கமும் கொடுத்தார். உணவில் லெக்டின் என்ற புரதங்கள் இருக்கின்றன, நம் ரத்த வகைக்குப் பொருந்தாத லெக்டின் உள்ளே போனால் அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும், அதிலிருந்துதான் நோய்கள் வருகின்றன என்றார்.

இது நம் ஊரில் ஏன் இவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது என்பதற்குக் காரணம் உண்டு. ஆளுக்கு ஆள் சாப்பாடு மாறும் என்பது நமக்குப் புதிது இல்லை. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சித்த மருத்துவம் வாதம், பித்தம், கபம் என்று உடம்பைப் பார்க்கிறது. கடற்கரை வீடுகளில் சூடு, குளிர்ச்சி என்ற கணக்கு எல்லாப் பெண்களுக்கும் தெரியும். பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு, சளி பிடித்தவனுக்கு மிளகு தட்டிப்போட்ட நண்டு ரசம், வெயில் காலத்தில் நுங்கும் பதநீரும். ஆகவே "உங்கள் ரத்தத்துக்கு இதுதான் ஒத்துக்கொள்ளும்" என்று ஒருவர் சொல்லும்போது, ஏற்கெனவே நாம் நம்பும் ஒன்றையே ஆய்வகத்துப் பெயரோடு சொல்வதுபோல் இருக்கிறது.

ஆனால் இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம். நம் பாட்டிமார் பார்த்தது அந்த நேரத்து உடம்பை. பிள்ளை பெற்ற உடம்பு, காய்ச்சலில் கிடந்து எழுந்த உடம்பு, வெயிலில் வேலை பார்த்த உடம்பு. நாற்பது நாள் கழிந்தால் பத்தியமும் முடிந்துவிடும். அந்தக் கணக்கு எல்லாம் சரி என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அது ஆளைப் பார்த்தது, ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்றியது. ரத்த வகை பிறப்பு முதல் சாவு வரை மாறாது. பதினெட்டு வயதில் கரைவலை இழுக்கிற பையனுக்கும், சர்க்கரை வந்து கால் மரத்துப்போன அறுபது வயதுப் பெரியவருக்கும், இரண்டு பேரும் பி வகை என்ற ஒரே காரணத்துக்காக ஒரே சாப்பாட்டை இந்தப் பட்டியல் எழுதிக் கொடுக்கிறது.

சரி, ரத்த வகை என்பது என்ன? வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் தன் ரத்தத்தையும் உடன் வேலை பார்த்தவர்களின் ரத்தத்தையும் ஒன்றோடொன்று கலந்து பார்த்து, சில சேர்க்கைகளில் அணுக்கள் திட்டுத்திட்டாகக் கட்டிக்கொள்வதைக் கவனித்தார். 1901-ல் அதை வெளியிட்டார். 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் சிவப்பணுவின் மேற்பரப்பில் சர்க்கரை மூலக்கூறுகளால் ஆன சிறு சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தச் சங்கிலிக்கு எச் என்று பெயர். அதன் நுனியில் ஒரு வகைச் சர்க்கரை ஒட்டியிருந்தால் ஏ, வேறொரு சர்க்கரை ஒட்டியிருந்தால் பி, இரண்டும் இருந்தால் ஏபி, எதுவும் ஒட்டாமல் விட்டிருந்தால் ஓ. வித்தியாசம் இவ்வளவுதான். இதைத் தீர்மானிக்கும் மரபணு 9-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. பெரியவர்களுக்குப் பால் செரிக்குமா செரிக்காதா என்பதைத் தீர்மானிக்கும் மரபணு இருப்பது 2-ஆம் குரோமோசோமில். மாவுச்சத்தைச் செரிக்கும் எச்சில் நொதிக்கான மரபணு 1-ஆம் குரோமோசோமில். ஒன்று இன்னொன்றைக் கேட்டு நடப்பதில்லை. பி வகைக்காரர் பால் குடித்து வயிறு உப்பிப் படுப்பதும், ஓ வகைக்காரர் தினமும் தயிர் ஊற்றிச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பதும் இதனால்தான்.

வேட்டையாடி, விவசாயி கதையும் நிற்கவில்லை. மனிதர்களிடம் இருக்கும் ஏ, பி பிரிவு கிப்பன் குரங்குகளிடமும் இருக்கிறது. அது தற்செயலாக இரண்டு இடத்தில் வந்ததில்லை, பொதுவான மூதாதையிடமிருந்தே வருகிறது, குறைந்தது 2 கோடி ஆண்டுப் பழமை கொண்டது என்று 2012-ல் மரபணு ஆய்வாளர்கள் காட்டினார்கள். மனிதன் விதைத்து அறுக்கத் தொடங்கிச் சுமார் 10,000, 12,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. ஏ வகை விவசாயத்தோடு வந்தது என்று சொல்ல வழியே இல்லை. ஓ வகையும் ஆதி வகை இல்லை. ஏ மரபணுவில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டு, சர்க்கரையை ஒட்டும் நொதி வேலை செய்யாமல் போனதில்தான் ஓ வகையின் பெரும்பகுதி உண்டானது.

இதை ஒரு வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். கீழக்கரையில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். வாப்பாவுக்கு ஓ, உம்மாவுக்கு ஏபி. இந்த இருவருக்கும் பிறக்கும் பிள்ளைகள் ஏ-யாகவோ பி-யாகவோதான் இருப்பார்கள். பெற்றவர்களின் வகை ஒரு பிள்ளைக்கும் வராது. மூத்தவளுக்கு ஏ, இளையவனுக்கு பி என்றால், நாலு பேருக்கு நாலு வகை. பட்டியல்படி வாப்பா வேட்டையாடி, மகள் விவசாயி, மகன் மேய்ப்பன். ஒரே வயிற்றில் பிறந்து ஒரே சட்டியில் சாப்பிட்டு வளர்ந்த அக்காளுக்கும் தம்பிக்கும் பத்தாயிரம் வருஷ இடைவெளி எங்கிருந்து வந்தது? அந்த உம்மா காலையில் எழுந்து எத்தனை அடுப்பு மூட்டுவார்? வாப்பாவுக்குக் கோதுமை கூடாது, மகனுக்குக் கோழி கூடாது, மகளுக்கும் மகனுக்கும் தக்காளி கூடாது, நண்டும் இறாலும் ஓ-வைத் தவிர மற்ற மூன்று வகைக்கும் கூடாது. நோன்பு திறக்கிற நேரத்தில் ஒரே பானைக் கஞ்சியை எல்லோரும் குடிக்கிற ஊரில் இது என்ன ஏற்பாடு?

இந்தியாவில் கண்டுபிடித்த ஒரு விஷயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1952-ல் பம்பாயில் ஒய். எம். பெண்டே என்ற மருத்துவரும் உடன் வேலை செய்தவர்களும் ஒரு விசித்திரமான ரத்தத்தைப் பற்றி எழுதினார்கள். அந்த ரத்தம் உள்ளவர்களுக்கு ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை, அடியில் இருக்க வேண்டிய எச் சங்கிலியே இல்லை. சாதாரணச் சோதனையில் ஓ என்றுதான் காட்டும். ஆனால் ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இதற்குப் பம்பாய் வகை என்றே பெயர். இந்தியாவில் ஏறக்குறைய 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கலாம் என்கிறார்கள். மருத்துவமனையில் இந்த வித்தியாசம் உயிர் போகிற விஷயம், அதனால் மெனக்கெட்டுச் சோதிக்கிறார்கள். உணவுப் பட்டியலில் இவர்களுக்கு இடமே கிடையாது. நாலு எழுத்தில் மனிதர்களை அடக்கிவிட்டதாக நினைத்தவர்களுக்கு ரத்தத்தின் உண்மையான வகைகள் தேவைப்படவில்லை.

இனி லெக்டின். டி அடாமோ சொன்னதில் ஓரளவு உண்மை ஒட்டிக்கொண்டிருப்பது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். லெக்டின் என்பது கற்பனை இல்லை. பயறுகளிலும் தானியங்களிலும் கிழங்குகளிலும் இருக்கும் புரதம். குறிப்பிட்ட சர்க்கரையைக் கண்டால் பிடித்துக்கொள்ளும் குணம் உடையது. சிவப்பணுமேல் இருப்பதும் சர்க்கரைதான் என்பதால் அணுக்களைச் சேர்த்துக் கட்டவும் செய்யும். ஏ, பி சர்க்கரைகள் ரத்தத்தில் மட்டுமல்ல, குடலின் உட்பரப்பிலும் பலருடைய எச்சிலிலும் இருக்கின்றன. ஆகவே கேள்வி நியாயமானது.

இதற்குப் பதில் நம் அடுக்களையிலேயே இருக்கிறது. கொள்ளு, தெற்கே பலரும் சொல்வதுபோல் காணம். இந்தியாவில் பணியாற்றிய ஜி. டபிள்யூ. ஜி. பேர்ட் என்ற ஆய்வாளர் 1951-ல் இந்தக் காணத்தில் இருக்கும் லெக்டினைப் பற்றி எழுதினார். பச்சைக் காணத்தை அரைத்து, உப்புக் கரைசலில் கலக்கி, தெளியவைத்து எடுத்த சாறு, ஏ வகை அணுக்களை மட்டும், அதிலும் ஏ1 என்ற உட்பிரிவை மட்டும், தேடிப்பிடித்துத் திரட்டுகிறது. பி-யையும் ஓ-வையும் தொடுவதில்லை. ஏ1-ஐயும் ஏ2-ஐயும் பிரித்தறிய ரத்த வங்கிகளில் இன்றைக்கும் பயன்படுவது காணத்திலிருந்து எடுத்த இந்தச் சாறுதான். டி அடாமோவின் கொள்கைக்கு இதைவிடப் பொருத்தமான உணவு உலகத்தில் கிடைக்காது. அவர் சொல்வது சரி என்றால், காணத் துவையல் அரைத்துச் சாப்பிடும் ஏ வகைக்காரர்கள் எல்லாம் அன்றைக்கே படுக்கையில் விழுந்திருக்க வேண்டும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகக் காணத்தை வறுத்தும் வேகவைத்தும் ரசம் வைத்தும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏன் நடக்கவில்லை? முதலாவது, நாம் காணத்தைப் பச்சையாகத் தின்பதில்லை. ஊறவைத்து நன்றாகக் கொதிக்கவைக்கும்போது பெரும்பாலான லெக்டின்கள் செயலிழந்துவிடும். ராஜ்மாவைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ சாப்பிட்டால் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், அதற்குக் காரணம் லெக்டின்தான். ஆனால் அது ஏ என்றும் ஓ என்றும் பார்ப்பதில்லை, எல்லோரையும் படுக்கவைக்கும். அதுதான் இரண்டாவது விஷயம். உணவில் இருக்கும் லெக்டின்களில் பெரும்பாலானவை ரத்த வகை பார்த்து நடப்பவை அல்ல. காணம்போல வகை பார்ப்பவை கொஞ்சம்தான். மூன்றாவது, சோதனைக் குழாயில் அணுவோடு நேராகக் கலப்பது வேறு, வாயில் மென்று இரைப்பை அமிலத்தில் கரைந்து குடலைக் கடப்பது வேறு. சாப்பிட்ட உணவால் யாருக்காவது ரத்த நாளத்துக்குள் அணுக்கள் திட்டுத்திட்டாகக் கட்டிக்கொண்டால், வகை மாறி ரத்தம் ஏற்றிய நோயாளி மாதிரி உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். களைப்பு, உப்புசம் என்று மெதுவாக வருகிற விஷயமாக அது இருக்காது.

நேரடியாகச் சோதித்தவர்களும் இருக்கிறார்கள். 2013-ல் பெல்ஜியம் செஞ்சிலுவைச் சங்கத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதுவரை வந்த 1,415 ஆய்வுக் கட்டுரைப் பதிவுகளைச் சலித்துப் பார்த்தார்கள். ரத்த வகை உணவு ஆரோக்கியம் தருகிறது என்பதற்கு ஆதாரம் எதுவும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2014-ல் டொரோண்டோ பல்கலைக்கழகத்தில் 1,455 பேரின் சாப்பாட்டையும் ரத்த வகையையும் உடல் அளவுகளையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். இந்த ஆய்வை நான் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் மக்கள் ஏன் இந்தப் பட்டியலை நம்புகிறார்கள் என்பதற்கான பதில் இதில் இருக்கிறது. ஏ வகைக்கு எழுதிய உணவை ஒட்டிச் சாப்பிட்டவர்களுக்கு எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், கொலஸ்டிரால் எல்லாம் குறைவாக இருந்தன. ஆனால் அவர்கள் ஏ வகையாக இருந்தாலும் ஓ வகையாக இருந்தாலும் பலன் ஒன்றேதான். காய்கறியும் பழமும் பயறும் நிறையச் சாப்பிட்டவர்களுக்கு நல்லது நடந்தது. அதில் ரத்த வகைக்கு ஒரு பங்கும் இல்லை. 2021-ல் அமெரிக்காவில் 16 வாரம் முழுச் சைவ உணவு கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்விலும் எடை குறைந்ததற்கும் ரத்த வகைக்கும் தொடர்பு காணப்படவில்லை.

ஆகவே "நான் செய்து பார்த்தேன், ஆறு கிலோ குறைந்தது" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தம் இல்லை. ராமநாதபுரத்தில் ராத்திரி பத்து மணிக்கு நாலு புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஓ வகைக்காரரிடம் "கோதுமை, மைதா கூடாது" என்று சொன்னால் புரோட்டா நின்றுபோகும். பிஸ்கட், கேக், பேக்கரி சமாச்சாரம் எல்லாம் நின்றுபோகும். பால் கூடாது என்றதால் ஒரு நாளைக்கு ஆறு டீயும் அதோடு போன சர்க்கரையும் குறையும். இவ்வளவும் நின்றால் யாருக்குத்தான் எடை குறையாது? அவருடைய பி வகை மச்சான் இதையே செய்தால் அவருக்கும் குறையும். பாராட்டு புரோட்டாவை விட்டதற்குப் போக வேண்டியது, ரத்தத்துக்குப் போய்விடுகிறது.

நல்லது நடந்தால் சரி, காரணம் என்னவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். நானும் அப்படியே விட்டுவிடுவேன், விடுவதால் யாருக்கும் ஒன்றும் குறையாது என்றால். இந்தக் கடற்கரையில் குறைகிறது.

பட்டியல் எழுதியவர் கண்முன் வைத்திருந்தது அமெரிக்கக் கடை அலமாரி. சால்மனும் காட் மீனும் அதில் உண்டு. நம் காரலும் ஊளியும் நகரையும் ஓராவும் அதில் கிடையாது. மூலப் புத்தகத்தில் ஏ வகைக்குச் சில மீன்களை அனுமதித்திருந்தார். சாளை இனமும் அதில் சேர்த்திதான். தமிழில் வரும்போது எல்லாம் சுருங்கி, "ஏ வகை சைவம்" என்ற ஒரே வரியாகிவிட்டது. அந்த ஒரே வரி தங்கச்சிமடத்தில் ஒரு அம்மாவின் தட்டிலிருந்து சூடையை எடுத்துவிட்டது.

நம் மீன் குழம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். முண்டு மிளகாய் வறுத்து அரைத்து, புளி கரைத்து, தக்காளி நசுக்கிப் போட்டு, உச்சிப்புளி, பெரியபட்டினம் பக்கத்துத் தேங்காயை அரைத்து ஊற்றி, இறக்கும்போது கொஞ்சம் நல்லெண்ணெய். பட்டியலை நம்பினால் இந்தச் சட்டிக்குள் யாருக்கும் இடம் இல்லை. தேங்காய்க்கு ஓ பட்டியலிலும் பி பட்டியலிலும் தடை. தக்காளிக்கு ஏ-யிலும் பி-யிலும் தடை. எள் பி வகைக்கு ஆகாதாம். கீழக்கரைத் தொதலைச் சொல்லவே வேண்டாம், தேங்காய்ப்பால் இல்லாமல் தொதல் ஏது?

விளையாட்டாகத் தோன்றலாம், ஆனால் யார் தட்டில் என்ன குறைகிறது என்று பார்த்தால் அப்படித் தோன்றாது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மணிக்கணக்காகத் தண்ணீரில் முங்கி முங்கிப் பாசி எடுக்கும் பெண்கள், கருவாட்டு வாடியில் வெயிலில் நின்று மீன் காயவைக்கும் பெண்கள், இவர்களுக்குக் கிடைக்கும் நல்ல புரதம், பி12 வைட்டமின், கொஞ்சம் இரும்பு, எல்லாம் மீனிலிருந்துதான் வர வேண்டும். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. சூடை, சாளை வகைகளில் இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. இவை கரையிலேயே மலிவாகக் கிடைக்கும் மீன்கள். ஏற்றுமதிக்குப் போகும் பெரிய இறாலைப்போல விலை ஏறியவை அல்ல. இதையும் நிறுத்திவிட்டு ஒரு ஏ வகைப் பெண் எதைச் சாப்பிடுவார்? பட்டியல் சொல்லும் டோஃபு என்ற சோயாக் கட்டியை எங்கே போய் வாங்குவார்? கடைசியில் நிற்பது சோறும் ரசமும் அப்பளமும்தான்.

இதற்கு மேல் கடலே ஒரு பட்டியல் போடுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகும் வல்லமும் கொண்டுவருவதுதான் மீன், விலையும் ஏறிவிடும். கையில் காசும் குறைவான அந்த நாட்களில் கருவாடும் பயறும் முட்டையும்தான் வீட்டைக் காப்பாற்றுகின்றன. ஓ வகைக்குப் பல பயறுகள் ஆகாது, பி வகைக்குப் பல பருப்புகள் வேண்டாம் என்று யாராவது அந்த நேரத்தில் போனில் அனுப்பினால், அதை அழித்துவிடுவதுதான் அந்த வீட்டுக்குச் செய்யும் உதவி.

ரத்த வகைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடர்பு உண்டு. ஏ வகைக்காரர்களிடம் இரைப்பைப் புற்றுநோய் சற்று அதிகம் என்று 1953-லேயே எழுதியிருக்கிறார்கள். ஓ வகைக்காரர்களுக்குக் காலரா வந்தால் கடுமையாக வரும், அதே சமயம் கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் உண்டு. ரத்தம் உறைவதற்கு உதவும் ஒரு புரதம் ஓ வகையினரிடம் சுமார் கால்பங்கு குறைவு, அதனால் ரத்த நாளத்தில் கட்டி அடைக்கும் அபாயமும் அவர்களுக்குக் குறைவு. ஓ வகையோடு ஒப்பிட்டால் இதய நோய் அபாயம் ஏ-வுக்கு 5, பி-க்கு 11, ஏபி-க்கு 23 சதவீதம் அதிகம் என்று 2012-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். ஆனால் இவற்றில் ஒன்றும் "ஆகையால் நண்டு சாப்பிடாதே" என்ற இடத்துக்குப் போகவில்லை. ஏபி வகைக்காரர் செய்ய வேண்டியது பீடியை விடுவதும் பிரஷரைப் பார்ப்பதும்தான். ஓ வகைக்காரரும் அதையேதான் செய்ய வேண்டும்.

நண்டோ இறாலோ உண்மையிலேயே ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள். சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், சிலருக்கு மூச்சுத் திணறும். அது ஒவ்வாமை, எந்த ரத்த வகையிலும் வரும், டாக்டரிடம் போக வேண்டிய விஷயம். சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு எவ்வளவு மீன், எவ்வளவு உப்பு என்பதும் டாக்டர் சொல்ல வேண்டியது.

நம் கரையில் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட வேறு எண்கள் இருக்கின்றன. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ஆய்வின்படி இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், 35.5 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்புதான் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய சோற்றுக்கு ஒரு துண்டு சீலாக் கருவாடும் ஊறுகாயும் வைத்துக்கொண்டால் அந்த 5 கிராமில் பெரும்பகுதி ஒரே வேளையில் போய்விடும். கருவாட்டை வெந்நீரில் ஊறப்போட்டு இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுவது, மீனைப் பொரிப்பதைக் குறைத்துக் குழம்பாகவோ அவித்தோ சாப்பிடுவது, மலையாகக் குவிக்கும் வெள்ளைச் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து அந்த இடத்தில் கீரையோ காணமோ வைப்பது. இதெல்லாம் நாலு ரத்த வகைக்கும் பொது. பிரஷர், சர்க்கரை, ரத்தத்தில் ஹீமோகுளோபின், இந்த மூன்றையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். சாப்பாட்டை மாற்ற வேண்டும் என்றால் அந்த எண்களைப் பார்த்து மாற்ற வேண்டும்.

ரத்த வகைச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது. ராமேஸ்வரத்தில் ஒருவருக்கு அடிபட்டு ரத்தம் வேண்டும் என்றால், ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வீட்டில் யாருக்கு என்ன வகை, யார் ரத்தம் கொடுக்க முடியும் என்று முன்பே தெரிந்திருந்தால் அலைச்சல் மிச்சம். பட்டியல்காரர்கள் கண்டுகொள்ளாத இன்னொரு சொல்லும் அந்தச் சீட்டில் எழுத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும், பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ். இந்தியாவில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான் ஆர்எச் நெகட்டிவ். கர்ப்பிணி நெகட்டிவாகவும் வயிற்றுப் பிள்ளை பாசிட்டிவாகவும் இருந்தால், பிள்ளையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடம்பில் எதிர்ப்புப் பொருள் உண்டாகலாம். முதல் பிள்ளை பெரும்பாலும் தப்பிக்கும், அடுத்த பிள்ளைக்குத்தான் ஆபத்து. இதைத் தடுக்க ஆன்டி-டி என்ற ஊசி இருக்கிறது. 28-ஆவது வாரத்தை ஒட்டி ஒன்று, பிறந்த பிள்ளை பாசிட்டிவ் என்று தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும் போட வேண்டும். உங்கள் வீட்டில் மகளோ மருமகளோ உண்டாகியிருந்தால், தாய் சேய் அட்டையை எடுத்து ரத்த வகை எழுதும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நெகட்டிவ் என்று இருந்தால் அடுத்த முறை செக்கப் போகும்போது கிராம சுகாதார செவிலியரிடமோ டாக்டரிடமோ ஆன்டி-டி ஊசியைப் பற்றிக் கேளுங்கள்.